எஞ்சினில் எலுமிச்சை வாசனை

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இதில் மருந்துப் பாதி கம்பவுண்டரம்மாவுக்கு அத்துப்படி; ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்றே ஓய்வு பெற்றவள். விருந்துப் பாதியைத்தான் இப்போது மகள் வீட்டில் படித்துக்கொண்டிருந்தாள். பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவளுக்கு இது இரண்டாவது மாதம். இரு என்று யாரும் சொல்லவில்லை. எப்போது கிளம்புகிறாய் என்றும் யாரும் கேட்கவில்லை. அவளுக்கோ இங்கேயே இருந்துவிட வேண்டும் என்று கொள்ளை ஆசை. ஆனால் அதைத் தானே வாய்விட்டுக் கேட்பதா? கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், கேட்டு வாங்கக் கூடாது என்பது அவள் கட்சி. இதற்கிடையில், அவள் வாடகைக்கு இருக்கும் அறையின் சொந்தக்காரம்மா வேறு போன் மேல் போன். "ரூமை வச்சுக்கிறீங்களா, விடறீங்களா? மாசக் கடைசிக்குள்ள சொல்லிடுங்கம்மா. காலேஜ் பொண்ணு ஒண்ணு கேட்டுக்கிட்டே இருக்கு."

சொல்லலாம். எதைச் சொல்வது என்று தெரிந்தால் சொல்லலாம்.

சிக்கல் மாப்பிள்ளையிடம் இருந்தது. உடனே அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவோ சுலபம், அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பாள். வாய் நிறையக் கிண்டல் பேசுகிற மனிதர். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவில் செடி வளர்த்து விற்கிறார். அவர் வாயிலிருந்து யாரும் தப்ப முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் ரகசியம் பேசினாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும் என்பதால் அவர் 'மைக்செட்'. கட்டிய மனைவி 'மேலிடம்'. பூக்காமல் முரண்டு பிடிக்கும் ரோஜாச் செடிக்குக்கூட 'மகாராணி' என்று ஒரு பட்டம் உண்டு. ஆனால் மாமியார் எதிரே வந்துவிட்டால் வாயில் பூட்டு விழுந்துவிடும். நீட்டிய காலை மடக்கி, டிவி சத்தத்தைக் குறைத்து, "சாப்பிட்டீங்களா அத்தை?" என்பார். "ஆச்சு மாப்பிள்ளை" என்பாள். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த வேளைக்கு அதே கேள்வி, அதே பதில். மருந்துச் சீட்டுகூட வாரத்துக்கு ஒருமுறை மாறும்.

மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் குறை. வந்தவர்களுக்குத்தான் மரியாதை, வீட்டு மனிதர்களுக்குத் திட்டும் கிண்டலும்தானே கிடைக்கும்? அவர் மனைவியைக் கிண்டல் செய்து, அவள் பதிலுக்கு அவரை வாரிவிட்டு, இருவரும் சிரிக்கும்போதெல்லாம் கம்பவுண்டரம்மாவுக்கு அடுத்த அறையில் ஏக்கமாக இருக்கும்.

அவளும் தன் பங்குக்கு அடக்கி வாசித்தாள். சொந்த அறையில் உப்பு டப்பாவுக்கும் சர்க்கரை டப்பாவுக்கும்கூடப் பெயர் எழுதி ஒட்டியிருப்பவள். சீட்டு ஒட்டாத பாட்டில் ஒன்றை அவள் வாழ்நாளில் யாரிடமும் நீட்டியதில்லை. மகள் சமையலறைக்குள் நுழைந்த முதல் நாளே கை துறுதுறுத்தது. 'வந்தவள் வீட்டுக்கே பெயர் எழுதி ஒட்டுகிறாள்' என்று ஆகிவிடக் கூடாதே என்று கையைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பெருந்தன்மைதான் கடைசியில் வினையாக வந்து நின்றது.

சரிவில் மண்மூட்டை ஏற்றவும் செடித்தொட்டி இறக்கவும் மாப்பிள்ளை ஒரு ஏ.டி.வி. வைத்திருந்தார். மோட்டார் சைக்கிளுக்கும் டிராக்டருக்கும் பிறந்த பிள்ளைபோல் இருக்கும். நாலு தடித்த சக்கரம், நடுவில் ஒரு சீட்டு, பின்னால் சாமான் கட்ட ஒரு கம்பித் தட்டு. டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். அதற்குப் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். ஆயில் இல்லையென்றால் உள்ளே பிஸ்டன் காய்ந்துபோய்ச் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். இரண்டு கை மாறி வந்த வண்டி அது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதைக் குளிப்பாட்டித் துடைப்பார். மகள் அதற்கு வைத்திருந்த பெயர் சக்களத்தி.

ஒரு வியாழக்கிழமை, சக்களத்தி பாதிச் சரிவில் வீல் என்று கத்திவிட்டு நின்றுபோனாள். நியூட்ரலில் போட்டு, மைக்செட்டும் மாப்பிள்ளையுமாகப் பின்வாசலுக்கு உருட்டி வந்தார்கள். கிக்கர் மேல் ஏறி நின்று குதித்தாலும் அது இம்மியும் இறங்கவில்லை.

"என்னங்க, உங்க ஆளுக்கு மூச்சு நின்னுடுச்சா?" என்றாள் மகள், வேலைக்குப் போகச் செருப்பை மாட்டிக்கொண்டே.

"எஞ்சின் ஜாம்."

"ஆயில் ஊத்த மறந்திருப்பீங்க."

"இந்தக் கையாலதான் அளந்து ஊத்தினேன். குலுக்கி வேற வச்சேன்."

"கல்யாண நாளையே மறக்கிற ஆளு. ஆயில் எந்த மூலைக்கு?" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

மெக்கானிக் கடைக்குக் கொண்டுபோவதென்றால் லாரி பிடிக்க வேண்டும். அதனால் தானே பிரித்துப் பார்த்துவிடுவது என்று மாப்பிள்ளை துணிந்தார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டீசலை ஊற்றி ஊறவிட்டார். மறுநாள் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னுமாக ஆட்டினார். வெகு நேரம் கழித்து உள்ளே 'டக்' என்று ஏதோ விட்டது. கவ்வியிருந்த பிஸ்டன் பிடியைத் தளர்த்திவிட்டது. அப்பாடா என்று தரையில் உட்கார்ந்து, டாங்க், சைலன்சர், கார்புரேட்டர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பழைய பெட்ஷீட்டில் பரப்பினார்.

கம்பவுண்டரம்மா பின்வாசல் படியில் காய் நறுக்கிக்கொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திறக்கும்போது சிந்துமே என்று ஒரு பழைய கிண்ணத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். மாப்பிள்ளை அதில் கவிழ்த்தார். மேலே பெட்ரோல் தெளிவாக நின்றது. அடியில் பச்சையாக, கொழகொழவென்று வேறு ஏதோ தங்கியது.

"பாருங்க அத்தை, ஆயில் பெட்ரோலோட சேரவே இல்ல. சுத்தக் கலப்படம். கடைக்காரன் ஏமாத்திட்டான்."

அவள் குனிந்தாள். பெட்ரோல் நெடியைத் தாண்டிக்கொண்டு, கும்மென்று எலுமிச்சை வாசனை. மாப்பிள்ளைக்கு மூக்கு வருஷம் பூராவும் அடைப்புத்தான். பூ விற்கிற மனிதருக்குப் பூ ஒத்துக்கொள்ளாது. ஆனால் கம்பவுண்டரம்மாவின் மூக்கு, மூடியைத் திறந்த வேகத்தில் எது என்ன மருந்து என்று சொன்ன மூக்கு. அது பாத்திரம் தேய்க்கிற லிக்விட். சந்தேகமே இல்லை. அவளே தன் கையால் பாட்டிலில் நிரப்பி வைத்தது.

நடந்தது என்ன என்பதை அவள் அங்கேயே கோத்துவிட்டாள். மாப்பிள்ளை காலி ஆயில் பாட்டில் ஒன்றைக் குழாயடியில் போட்டிருந்தார். பக்கவாட்டில் வரிவரியாக அளவுக்கோடு போட்ட, அருமையான பாட்டில். அளவுக்கோடு போட்ட பாட்டிலைத் தூக்கி எறிய எந்தக் கம்பவுண்டருக்கு மனசு வரும்? கழுவி, பெரிய கேனிலிருந்து பச்சை லிக்விடை அதில் ஊற்றி, குழாயடியிலேயே வைத்தாள். சீட்டு மட்டும் ஒட்டவில்லை. அப்புறம் அந்தப் பாட்டில் காணாமல் போயிருந்தது. மகள்தான், வண்டி ஆயில் இங்கே எதற்கு என்று கொட்டகை அலமாரியில் கொண்டுபோய் வைத்திருக்க வேண்டும். மாப்பிள்ளை அதை எடுத்து, பொறுப்பாக அளந்து, பெட்ரோலில் ஊற்றி, குலுக்கியும் இருக்கிறார்.

மாப்பிள்ளை கை கழுவப் போன நேரம் பார்த்துக் கொட்டகைக்குள் நுழைந்தாள். அலமாரியில் ஒரே மாதிரி இரண்டு பாட்டில். பின்னால் இருந்தது உண்மையான ஆயில். முன்னால் நின்றதை மோந்து பார்த்து, முந்தானைக்குள் மறைத்து, குளியலறை வாளிக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள். ஓய்வு பெற்ற அரசு ஊழியர் செய்கிற காரியமா இது என்று அவளுக்கே அவமானமாக இருந்தது.

மாலையில் மகள் வந்ததும், "உங்க கடைக்காரர் மேல பழியைப் போட்டாச்சா? எனக்குத் தெரியும்" என்று கணவரை வாரினாள். மாப்பிள்ளை கொட்டகைக்குப் போய் மிச்சமிருந்த பாட்டிலை எடுத்துவந்து ஆட்டி ஆட்டிக் காட்டினார். "பாக்க நல்லாத்தான் இருக்கு. உள்ளதான் விஷம். ஞாயித்துக்கிழமை பழைய பிஸ்டனையும் இதையும் கொண்டுபோய் அந்தாளு மேஜை மேல வச்சு, ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்."

சொல்லிவிடலாம் என்று கம்பவுண்டரம்மா வாயைத் திறந்தாள். சொன்னால் என்ன ஆகும்? கத்த மாட்டார். பரவாயில்லை அத்தை என்பார். முகத்தைக்கூடச் சுளிக்க மாட்டார். அதற்கப்புறம் இந்த வீட்டில் அவள் என்றென்றைக்கும் பரவாயில்லை அத்தைதான். போகும்போது பஸ் ஏற்றிவிட்டு, ஜன்னல் பக்கம் சீட்டும் பிடித்துத் தருவார். வாயை மூடிக்கொண்டாள்.

சனிக்கிழமை சிலிண்டரைத் தூக்கினார்கள். பிஸ்டனின் ஒரு பக்கம் பூனை பிறாண்டியதுபோலக் கோடு கோடாக இருந்தது. அதைவிட மோசம், பிஸ்டனின் அலுமினியம் உருகிச் சிலிண்டர் சுவரில் அப்பியிருந்தது.

"பிஸ்டன் புதுசு சொல்லியாச்சு, நாளைக்கு வந்துடும்" என்றார் மாப்பிள்ளை. அவர் குரல் இறங்கியிருந்தது. "சிலிண்டர்தான் பயமா இருக்கு. அதுல கீறல் விழுந்திருந்தா வண்டியை எடைக்குத்தான் போடணும்."

எடைக்கு என்ற சொல்லைக் கேட்டதும் கம்பவுண்டரம்மாவால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. "பாத்ரூம் கழுவற ஆசிட் இருக்கா?"

"எதுக்கு அத்தை? நீங்க போய் ரெஸ்ட் எடுங்க."

"அலுமினியத்தை ஆசிட் அரிச்சுடும். அப்பின இடத்தை மட்டும் தொட்டுத் தொட்டு எடுக்கணும். சிலிண்டர் மேல வழிஞ்சா அதையும் அரிச்சுடும். கொண்டாங்க."

அவர் தயங்கிக்கொண்டே கொண்டுவந்தார். அவள் ரப்பர் கையுறை மாட்டி, ஈர்க்குச்சியில் பஞ்சு சுற்றி, காற்றோட்டமாக வாசற்படியில் உட்கார்ந்தாள். ஒரு தொடல், புசுபுசுவென்று பொங்கும், துடைப்பாள். மறுபடி ஒரு தொடல். புண்ணுக்கு மருந்து போடும் பொறுமையோடு அத்தனையையும் எடுத்து, தண்ணீரில் அலசி, துருப்பிடிக்கும் முன்னால் எண்ணெய் தடவி நீட்டினாள். மாப்பிள்ளை விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். கீறல் இல்லை.

"ரொம்ப தேங்க்ஸ் அத்தை" என்றார் மனதார.

தேங்க்ஸ். பஸ்ஸில் இடம் விட்டவருக்குச் சொல்வதுபோல. அவள் எழுந்து உள்ளே போனாள்.

ஞாயிறு காலை புதுப் பிஸ்டன் வந்துவிட்டது. மகள் தையல் கம்பெனியில் துணி வெட்டுகிறவள். எஞ்சினில் இரண்டு பாகம் சேருமிடத்தில் வைக்கிற கேஸ்கெட் தாளைச் சிலிண்டர் மேல் அழுத்தி, விளிம்பில் தட்டி அச்செடுத்து, கத்தரிக்கோலால் ஒரே மூச்சில் வெட்டிக் கொடுத்தாள். "சக்களத்திக்கு ரவிக்கை தைக்கிற முதல் ஆள் நானாத்தான் இருப்பேன்" என்றாள். மாப்பிள்ளை அதை ரசிக்கவில்லை. சட்டை மாற்றிக்கொண்டு, பழைய பிஸ்டனைத் துணியில் சுற்றி, ஆயில் பாட்டிலோடு ஒரு பையில் போட்டார்.

"கிளம்பறேன். இன்னிக்கு அவனுக்கு இருக்கு."

"நில்லுங்க மாப்பிள்ளை."

கம்பவுண்டரம்மா குளியலறைக்குள் போய், இன்னொரு பாட்டிலோடு வந்தாள். பின்வாசல் குழாயைத் திறந்தாள். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, தண்ணீரில் காட்டி, இரண்டு கையையும் தேய்த்தாள். நுரை பொங்கி மணிக்கட்டைத் தாண்டியது. அந்தக் கையை அப்படியே அவர் முன்னால் நீட்டினாள்.

"நீங்க வண்டிக்கு ஊத்தினது இதைத்தான். பாத்திரம் தேய்க்கிறது. காலி பாட்டிலாச்சேன்னு நான்தான் நிரப்பி வச்சேன், சீட்டு ஒட்டாம. அன்னிக்குக் கிண்ணத்துல மோந்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் பாட்டிலை ஒளிச்சு வச்சேன். அந்தக் கடைக்காரர் ஒரு பாவமும் அறியாதவர்."

மாப்பிள்ளை முகத்தில் ஏதேதோ வந்து போயின. கடைசியில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, அவள் பயந்த அதே முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"பரவால்ல அத்தை. நீங்க வேணும்னா செஞ்சீங்க? மனசுல வச்சுக்காதீங்க." கூடவே, "சாப்பிட்டீங்களா?" என்றார்.

"சாப்பிட்டாச்சு" என்றாள் கம்பவுண்டரம்மா. அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே கொட்டியது. "ரெண்டு மாசமா மூணு வேளையும் சாப்பிட்டாச்சு. இதையே எம் பொண்ணு செஞ்சிருந்தா சும்மா விட்டிருப்பீங்களா? தெருவே சிரிக்கிற மாதிரி பேசியிருப்பீங்க. அவ முகம் செத்துப்போயிருக்கும், அப்புறம் அவளும் சிரிச்சிருப்பா. எனக்கு மட்டும் என்ன பரவால்ல? வண்டியைக் கெடுத்திருக்கேன், அதுக்குக்கூட ஒரு வார்த்தை திட்ட மாட்டீங்களா? நான் இந்த வீட்டுக்கு விருந்தாளியா?"

குரல் உடைந்துவிட்டது. மகள் எழுந்து அம்மாவிடம் போகப் பார்த்தாள். மாப்பிள்ளை கையமர்த்தினார். நுரை வழிகிற மாமியாரின் கையைப் பார்த்தார். பையிலிருந்த பிஸ்டனைப் பார்த்தார். அவர் உதட்டோரம் லேசாகத் துடித்தது.

"அத்தை, ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க."

"ஆஸ்பத்திரியில உங்க கையால மருந்து வாங்கிக் குடிச்சவங்கள்ல, இப்ப யாராவது உயிரோட இருக்காங்களா?"

மகள், "ஏங்க" என்று பதறினாள். கம்பவுண்டரம்மாவின் தொழிலைப் பற்றி ஒருவர் இப்படி ஒரு கேள்வியை அவள் முகத்துக்கு நேரே கேட்டதே கிடையாது. பெரிய டாக்டர்கூடக் கேட்டதில்லை. அவள் மாப்பிள்ளையை முறைத்தாள். முறைத்தபடியே இருக்கத்தான் நினைத்தாள். வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பி வந்துவிட்டது.

"இருக்காங்க" என்றாள் மூச்சு வாங்க. "எல்லாருக்கும் வயிறு பளபளன்னு இருக்கு."

அதோடு மடை திறந்துவிட்டது. "நான்கூட நெனச்சேன், சைலன்சர்ல புகைக்குப் பதிலா குமிழி குமிழியா வருதேன்னு" என்று ஆரம்பித்தார். பாட்டிலைக் கொட்டகையில் கொண்டு வைத்தது நான்தான் என்று மகள் ஒப்புக்கொண்டதும், "அப்ப அம்மாவும் பொண்ணும் கூட்டுச் சேந்துதான் சக்களத்தியைக் கொன்னிருக்கீங்க. கேஸ் கொடுத்தா நிக்கும்" என்றார். அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "உங்களைப் பாத்தாலே எனக்கு ஊசி ஞாபகம் வந்துடும் அத்தை. சின்ன வயசுலேர்ந்தே அந்தப் பயம். அதான் வாயே வராது" என்றார்.

"நல்லா வருது இப்ப" என்றாள் அவள்.

மத்தியானம் மூவருமாக எஞ்சினைச் சேர்த்தார்கள். உள்ளே எதுவும் விழுந்துவிடாமல் எஞ்சின் வாயில் துணியைத் திணித்து, பிஸ்டன் தலையிலிருக்கும் அம்புக்குறி சைலன்சர் பக்கம் இருக்கும்படி மாட்டினார் மாப்பிள்ளை. மகள் இரு கையாலும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையங்களை அழுத்திப் பிடிக்க, சிலிண்டர் வழுக்கிக்கொண்டு இறங்கியது. டாங்கையும் கார்புரேட்டரையும் ஏற்கெனவே கழுவிக் காய வைத்திருந்தார்கள். கலக்க வேண்டிய நேரம் வந்ததும் மாப்பிள்ளை அளவுக் குவளையை மாமியாரிடம் நீட்டினார்.

"இனிமே இது உங்க டிபார்ட்மென்ட். எனக்கு மூக்கு கிடையாது, உங்க பொண்ணுக்குப் பொறுமை கிடையாது."

"பாட்டிலுக்கெல்லாம் சீட்டு ஒட்டுவேன். அப்புறம் யாரும் முகம் சுளிக்கக் கூடாது."

"எம் மேலயும் ஒண்ணு ஒட்டுங்க அத்தை. மேலிடம் சில சமயம் என்னை யாருன்னே தெரியாத மாதிரி நடந்துக்குது."

கிக்கரை உதைத்தார். ஒன்றுமில்லை. மறுபடி உதைத்தார், இருமியது. இன்னும் ஓர் உதையில் நீலப் புகையைக் கக்கிக்கொண்டு சக்களத்தி எழுந்துவிட்டாள். மதில் மேல் மைக்செட்டின் தலை முளைத்தது. "என்னப்பா ரிப்பேரு?" என்று எஞ்சினையும் மீறிக் கத்தினார்.

மாப்பிள்ளை அவருக்கு மேல் கத்தினார். "ஒண்ணுமில்லண்ணே. எங்க அத்தை வண்டியை உள்பக்கமா சோப்புப் போட்டுக் கழுவிட்டாங்க. மூணு நாளா காய வச்சோம்."

எதிர்வீட்டு மாடியில் யாரோ சிரித்தார்கள். கம்பவுண்டரம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. உள்ளே மேஜை மேல் அவள் போன் அடித்துக்கொண்டிருந்தது. அறைக்காரம்மா.

"என்னம்மா, ஒரு முடிவுக்கு வந்தீங்களா?"

"மாப்பிள்ளை என்னைத் தெருவுக்கே கேக்கற மாதிரி கிண்டல் பண்ணிட்டாரும்மா" என்றாள் கம்பவுண்டரம்மா. அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

மறுமுனையில் உச்சுக்கொட்டுகிற சத்தம் கேட்டது. "அடப்பாவமே. வயசுக்காவது ஒரு மரியாதை வேண்டாமா? அழாதீங்கம்மா. நீங்க பேசாம கிளம்பி வந்துடுங்க. ரூம் அப்படியேதான் இருக்கு."

"வேண்டாம்மா" என்றாள் அவள். "அதை அந்தக் காலேஜ் பொண்ணுக்குக் குடுத்துடுங்க."